வசந்தி அக்காவும் மனோகர் சாரின் டாங்கியும்

வசந்தி அக்கா இறந்துவிட்டார்.

காலையில் பழைய கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்... எனக்குக் கை வரவில்லை.

மறைமலை நகரில் ஒன்றாக வேலை பார்த்தோம். அக்கா ஸ்டோர்ஸ், நான் மெயின்டனன்ஸ். 2005, 2006 வாக்கில்.

அப்போதுதான் அவர் கணவர் மனோகர் சாருக்கு ஸ்ட்ரோக் வந்தது. இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்தவர். வலது கை, வலது கால் இரண்டும் போய், பேச்சும் குழறிவிட்டது.

செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் வீடு. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாராம். சாப்பாடு வேண்டாம், பிசியோதெரபி வேண்டாம், யாரோடும் பேச்சு வேண்டாம்.

அவரிடம் ஒரு ரிமோட் டாங்கி இருந்தது. சிங்கப்பூரிலிருந்து அவர் மச்சான் வாங்கி வந்த ராணுவ டாங்கி, ஒரு முழ நீளம். உடம்பு நன்றாக இருந்தபோது மொட்டை மாடியில் ஓட்டுவாராம். அக்காவுக்கு அது வீட்டை அடைக்கிற சாமான்.

ஒரு சாயங்காலம் வேறு வழி தெரியாமல் அக்கா அதை எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓட்டியிருக்கிறார். ரிமோட் பிடிக்கத் தெரியாது. டாங்கி போய்க் கட்டில் காலில் முட்டி, முட்டி... சார் தலையைத் திருப்பி, "மெதுவா" என்றாராம்.

பல வாரம் கழித்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. மறுநாள் ஸ்டோர்ஸ் கவுண்டரில் நின்று அக்கா என்னிடம் இதை இரண்டு தடவை சொன்னார்.

அதன்பிறகு தினமும் ஓட்டினார். எதிர் வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் மேல் ஏற்றிக் காட்டச் சொல்லி சார் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மணலில் திணறி ஒரு மோட்டார் கருகிவிட்டது.

அக்கா டாங்கியைப் பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். "தம்பி, இத்த எப்டியாச்சும் ஓட வச்சிக் குடு. இது நின்னா அவரும் நின்னுடுவாரு" என்றார்.

அந்த டாங்கியில் சக்கரங்களைச் சுற்றி ஓடும் இடது பட்டைக்கு ஒரு மோட்டார், வலது பட்டைக்கு ஒன்று. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடினேன். அந்த சைஸில் கொஞ்சம் பவர் கூடியது ஒன்றுதான் கிடைத்தது. சால்டர் பண்ணி மாட்டிவிட்டேன்.

ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு. அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போய் ஓட்டினால், நேராகப் போகாமல் ஹாலில் வட்டமடித்தது.

மனோகர் சார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, "என்ன மாதிரியே... ஒரு பக்கந்தான்... வேல செய்து" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அக்கா சமையலறைக்குப் போய்விட்டார். குழாய் ரொம்ப நேரம் திறந்தே இருந்தது.

இன்னொன்றும் தேடிப் பிடித்து இரண்டு பக்கமும் புது மோட்டார் போட்டதும் வேறு பிரச்சினை. அந்த வேகத்துக்குக் கியர்பாக்ஸின் பிளாஸ்டிக் பல் தாங்கவில்லை, தேய்ந்து மழுங்கிவிட்டது. மச்சான் உலோக கியர்பாக்ஸ் அனுப்பினார்.

கிரீஸ் போடுவதற்குத்தான் பெரிய சண்டை. அக்கா முதலில் தேங்காய் எண்ணெய் விட்டார். அது சுற்றுகிற வேகத்தில் தெறித்துப் போனது. அடுத்து, மெஷின் பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸை அள்ளி அப்பினார். சக்கரம் இழுக்க முடியாமல் மோட்டார் சூடானது.

சார் கோபத்தில் இடது கையால் கட்டிலைத் தட்டினார். கடைசியில் மெல்லிய வெள்ளை கிரீஸைக் காது குடையும் பட்ஸில் தொட்டு, பல்லில் மட்டும், பூசியும் பூசாமலும்... அவர் கண்ணாலேயே சொல்லச் சொல்ல, அக்கா வைத்தார்.

டாங்கியைக் கட்டிலில் கவிழ்த்து ஓடவிட்டு, அவர் இடது கையை எடுத்துக் கியர்பாக்ஸ் மேல் வைப்பார் அக்கா. அதிர்வைத் தொட்டுப் பார்த்து, சரி என்று கண்ணை மூடுவார் சார். சாப்பாடு ஊட்டுவது அதற்கப்புறம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்னி வேன் பிடித்துக் கடற்கரைக்குப் போனோம். மாமல்லபுரம் வேண்டாம், எல்லாரும் பார்ப்பார்கள் என்றார் சார். அதனால் கூட்டமில்லாத திருவிடந்தை.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தோம். ரிமோட்டில் இரண்டு குச்சி. இடது குச்சி முன்னே பின்னே போக... அது சார் கையில். வலது குச்சி திருப்ப... அதை அக்கா பிடித்துக்கொண்டார்.

சவுக்குத் தோப்பு ஓரம் இருந்த மணல்மேட்டில் டாங்கி நிற்காமல் ஏறியது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். சார் மறைந்துகொள்ளவில்லை. "இன்னொரு வாட்டி" என்றார்.

அடுத்த வருடம் இரண்டாவது ஸ்ட்ரோக்கில் அவர் போய்விட்டார்.

காரியம் முடிந்து சில மாதம் கழித்து வீட்டுக்குப் போயிருந்தேன். டாங்கி பீரோ மேல் இருந்தது. எடுத்துப் பட்டையைத் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. உள்ளே கிரீஸ் திருவிடந்தை மணலோடு சேர்ந்து பிசின் மாதிரி இறுகியிருந்தது.

கழுவிப் புதுசு போட்டுத் தருகிறேன் என்றேன்.

"வுடு தம்பி. ஓட்னா யார் பாக்கப் போறா?" என்றார் அக்கா. காபி கலக்கிக்கொண்டேதான் சொன்னார். நான் திரும்ப அதை மேலேயே வைத்துவிட்டேன்.

பிறகு அக்கா வேலையை விட்டுவிட்டு அணுபுரத்தில் தங்கை வீட்டுக்குப் போனார். போன் குறைந்தது... பொங்கலுக்கு ஒரு மெசேஜ். சர்க்கரையில் கண் மங்கிவிட்டது என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது அணுபுரத்துக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன். திருக்கழுக்குன்றம் தாண்டிவிட்டது. மதியத்துக்குள் எடுத்துவிடுவார்களாம், அக்காவின் தங்கச்சி போனில் சொன்னார். வழியெல்லாம் ரோடு வேலை, பஸ் நின்று நின்று போகிறது.

முகம் பார்க்கக் கிடைக்குமா தெரியவில்லை...

வந்துகொண்டே இருக்கிறேன் அக்கா.