வளையல் மறந்த ஓவியர்

யுத்தத்தால் மண்ணெண்ணெய் கிடைக்காமல், பொழுது சாய்ந்ததும் எங்கள் ஊர் அடங்கிவிடும் காலம் அது. அந்த வெளிச்சப் பஞ்சத்தில்தான் எனக்கு ஓவியர்கள் அறிமுகமானார்கள்.

மாமா இலுப்பூரில் ஒரு மளிகைக் கடையில் நிறுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். பொட்டலம் மடிக்க வரும் பழைய வாரப் பத்திரிகைகளில் வண்ணப் படம் உள்ளவற்றை முதலாளி ஒதுக்கிவிடுவார். வழவழத்த தாளில் மடிப்பு நிற்காது, சீரகம் சிந்தும். ஒதுக்கியவை எங்கள் வீட்டுக்கு வந்தன.

வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவனே, மூன்றாம் வகுப்பு. கதைகள் எனக்கு எட்டவில்லை. படங்களின் மூலையிலிருந்த கையெழுத்துகளை வைத்து ஆட்களை அடையாளம் பிடித்தேன். ஒருவர் பாறைகளை ஊதாவில் தீட்டுவார். பாறை எங்காவது ஊதாவாக இருக்குமா என்று ஒரு மாலை சித்தன்னவாசல் பக்கம் போய்ப் பார்த்தேன், இருந்தது. இன்னொருவர் கையெழுத்து கிளிமூக்குப் போல வளைந்திருக்கும். அவர் பெண்களை வரைவார்.

அவருடைய படம் ஒன்றைப் பார்த்துத்தான் ஆத்தா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். சிவப்புப் பாவாடையில் ஒரு சிறுமி அகல் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“நம்ம புள்ளடா இது. அந்த மோவாயப் பாரு.”

“போட்டோவே புடிக்காத புள்ளய அவரு எங்கிட்டுப் பாத்தாரு?” என்றார் அப்பா. சொன்னவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு நெடுநேரம் திருப்பித் தரவில்லை.

அக்கா காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமாகாமல் போனவளைக் கன்னித் தெய்வமாக எண்ணி, ஓலைப்பெட்டியில் அவள் பாவாடையை வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். படமும் அந்தப் பெட்டிக்குள் போனது.

அதன்பின் மாமா வந்தால் ஆத்தா வாசலிலேயே மறிப்பாள். “எம்மக வந்திருக்காளா?” கிளிமூக்கை நான் தேடித் தருவேன். ஏதோ தொடர்கதைக்கு அவர் ஒரே முகத்தை வரைந்துகொண்டிருந்தார். குடத்தோடு, தாவணியோடு, ஒருநாள் மாலையும் கழுத்துமாக. அன்று வீட்டில் சர்க்கரைப் பொங்கல்.

“கல்யாணமும் முடிஞ்சிருச்சு தம்பி. இனிமே பாவாடை எதுக்கு?” என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, பாவாடையை வெளியே எடுத்துத் தன் கூறைச்சேலையைப் பெட்டிக்குள் வைத்தாள்.

மாமா பொங்கலை வழித்துக்கொண்டே, “மாப்பிள்ள மூஞ்சிதான் சொத்தக் கத்திரிக்கா. இருந்துட்டுப் போறான்” என்றார். ஆத்தா சிரித்தாள். அக்கா போனபின் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்து வந்த இதழில் ஒரு தாள் கிழிக்கப்பட்டிருந்தது.

“படம் இல்லக்கா. அந்தாளு இப்ப வரையறதில்லையாம்” என்றார் மாமா, ஆத்தாவின் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கா தெரியாது? தைத்த ஓரத்தில் தாளின் ஒரு கீற்று ஒட்டியிருந்தது. அதில் கிளிமூக்கு இருந்தது. வெள்ளைச் சேலையின் ஓரமும் ஒரு கையும் இருந்தன.

“மாமா பொய் சொல்றாரு ஆத்தா. இந்தா, அவரு வரைஞ்சதுதான். ஆனா கைக்கு வளையல் போட மறந்துட்டாரு.”

மாமா எழுந்து வெளியே போய்விட்டார். ஆத்தா அந்தக் கீற்றை விரலால் தடவினாள்.

“ஆமாடா. மறந்துட்டாரு.”

பெட்டியைத் திறந்து கூறைச்சேலையை எடுத்தாள். பழைய பாவாடையை மடித்து உள்ளே வைத்தாள். மணப்பெண் படம் அடுப்புக்குள் போனது. அகல் ஏற்றும் சிறுமி மட்டும் பெட்டியில் தங்கினாள். பிறகு ஆத்தா படம் கேட்கவே இல்லை.

தப்பாக வரைந்தவர்மேல் அவளுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு, வேறு நல்ல ஓவியராகப் பார்த்து எடுத்துவரும்படி நான் மாமாவிடம் சொன்னேன்.