தையல் மெஷின் நிற்கும்போது

என் சித்தி பள்ளிச் சீருடை தைப்பவர். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மின்சார மெஷின்கள், ஒரு வெட்டு மேஜை, மூலையில் துணி மூட்டைகள். சித்தியின் வாய் அதிகம் ஓடுமா, மெஷினா என்று கேட்டால் பஸ் ஓட்டுநரான சித்தப்பா யோசிக்கவே மாட்டார். "மெஷினுக்காவது ஸ்விட்ச் இருக்கு" என்பார்.

பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் நிலையம் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்குள்ள ஊழியர்களின் சட்டைகளைக் கொடுக்கப் போன சித்தி, திரும்பும்போது மடியில் எட்டு வாரக் குட்டியோடு வந்தார். கறுப்புக் குட்டி, நெற்றியில் வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளி. சித்தப்பா பார்த்தவுடன் 'பொத்தான்' என்று பெயர் வைத்துவிட்டார்.

அங்கே குட்டிகளைப் பயிற்சிக்கு முன் வீடுகளில் கொடுத்து வளர்ப்பார்கள். பொத்தானை வளர்க்க வேறு யாரும் முன்வரவில்லை. அவன் தாய்க்குச் சத்தம் என்றால் நடுக்கம். கூடப் பிறந்த இருவரை ஏற்கெனவே வேண்டாமென்று ஒதுக்கியிருந்தார்கள்.

"ரத்தத்துல கொஞ்சம் வரும்க்கா. அதை நாம மாத்த முடியாது" என்றாராம் பயிற்சியாளர். "ஆனா இந்த வயசுல என்னென்ன பார்க்குதோ, கேட்குதோ, அதெல்லாம் சாதாரணம்னு மனசுல பதிஞ்சிடும். அதுக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கு."

"எங்கம்மா வாசலைத் தாண்டவே பயப்படுவாங்க தம்பி. எனக்கும் அது கொஞ்சம் உண்டு. அதனாலென்ன, பஸ் டிரைவரையே கட்டிக்கிட்டேன். இவனை என்கிட்ட விட்டுப் பாருங்க."

அவனுக்குப் பதினாறு வாரம் ஆனதும் சோதனை. தேறாவிட்டால் அவன் வழிகாட்டியாக முடியாது. யார் வீட்டிலாவது செல்லப் பிராணியாக இருக்க வேண்டியதுதான். சித்திக்கு அது போதாது. அவன் ஒருவரைச் சாலை கடத்திவிட வேண்டும்.

முதல் நாள் மெஷின் ஓடியதும் பொத்தான் தரையை நனைத்துவிட்டு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தான். சித்தி இழுக்கவில்லை, அதட்டவுமில்லை. மறுநாள் அவனைச் சமையலறையில் விட்டு, முன்னறையில் மெஷின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். அப்புறம் மோட்டாரில், மெதுவாக. ஒவ்வொரு தையல் முடிந்ததும் நூலை அறுத்துவிட்டு எழுந்துபோய் ஒரு துண்டு வேகவைத்த கோழி. தினமும் அவன் படுக்கை ஓரடி முன்னே நகர்ந்தது. மூன்றாம் வாரம் மெஷினுக்கடியிலேயே தூங்கினான். தட்டு விழும் ஓசை, குடை விரிவது, சித்தப்பாவின் பஸ் ஹாரன் எல்லாம் அவனுக்குப் பழகிப்போயின.

சோதனை நாளில் நானும் போனேன். நீளமான அறை. பின்னால் தகரத் தட்டைப் போட்டார்கள். பொத்தானின் உடம்பெல்லாம் ஒருமுறை நடுங்கியது. சித்தி என் கையை நசுக்கினார். ஆனால் அவன் உடனே திரும்பிப் போய்த் தட்டை முகர்ந்தான்.

"நடுங்கினா பரவாயில்லக்கா. எவ்வளவு சீக்கிரம் தேறுதுங்கிறதுதான் கணக்கு" என்றார் பயிற்சியாளர்.

வேக்குவம் கிளீனர் அலறியது. பொத்தான் கொட்டாவி விட்டான். சித்தி பெருமையோடு என்னைப் பார்த்தார்.

பிறகு அதை அணைத்தார்கள்.

அவ்வளவுதான். பொத்தான் துள்ளியெழுந்து, வாரை உருவிக்கொண்டு, அறையிலிருந்த ஒவ்வொருவர் கையையும் நக்க ஓடினான். பயிற்சியாளரின் சட்டைப் பையில் மூக்கை நுழைத்தான்.

"சத்தம் கேட்டு ஓடுற நாயைப் பார்த்திருக்கேன். சத்தம் நின்னதும் பந்திக்குக் கூப்பிட்ட மாதிரி ஓடுற நாயை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார் அவர். ஆனால் சிரிக்கவில்லை. "சாலையில வண்டிச் சத்தம் நிற்கிற நேரத்துலதான் இவன் நிதானமா இருக்கணும்."

சித்தியின் முகம் வெளுத்தது. திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, அது என் வேலை தம்பி! தைக்கும்போது ரெண்டு கையும் துணியிலதானே இருக்கும்? மெஷினை நிறுத்தினாத்தான் எனக்குக் கை காலி. அப்பத்தான் கோழி கொடுப்பேன். மெஷின் நின்னா சாப்பாடுன்னு நானே சொல்லிக்கொடுத்திருக்கேன்!"

இப்போது பயிற்சியாளர் சிரித்துவிட்டார். "அப்போ இது பிறவிக் குணம் இல்ல, தையல்காரக் குணம். மூணு வாரம் தர்றேன். பழக்கத்தை மாத்திக் காட்டுங்க."

அந்த மூன்று வாரமும் சித்தப்பா பணி முடிந்து வந்ததும் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சித்தி தைக்கத் தைக்க, பொத்தான் அமைதியாகப் படுத்திருந்தால் அவர் ஊட்டினார். மெஷின் நின்றால் எதுவும் கிடையாது. யாரும் அவனைப் பார்க்கவும் கூடாது.

"இத்தனை வருஷத்துல எனக்கு ஒருநாள் இப்படிப் பக்கத்துல உட்கார்ந்து ஊட்டியிருக்கீங்களா?"

"நீ எப்ப அமைதியாப் படுத்திருந்தே?"

மறுசோதனையில் வேக்குவம் கிளீனர் அணைந்தது. பொத்தானின் காதுகள் விறைத்தன. உட்கார்ந்திருந்தவனின் பின்புறம் லேசாகத் தரையிலிருந்து எழும்பியது. சித்தி இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அவ்வளவு நேரம் பேசாமல் நான் பார்த்ததில்லை.

பொத்தான் ஒரு பெருமூச்சு விட்டு, பயிற்சியாளரின் காலடியில் மறுபடி உட்கார்ந்தான்.

"சேர்த்துக்கலாம்" என்று சொல்லி அவர் தாளில் எழுதினார்.

"இப்பக் கொஞ்சலாமா தம்பி?"

"வெளிய போய்க் கொஞ்சுங்கக்கா."

சித்தி அந்தக் கனமான குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கதவு மூடிய பிறகும் அவர் குரல் உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது.