மேசையில் கிடந்த பியூஸ்

வாகனங்களுக்குப் பாட்டுப்பெட்டி பூட்டுவது என் தொழில். துறைமுகத்துக்குப் போகும் லொறிகள் தூசி கிளப்பும் தெருவில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். நான் பயந்த சுபாவம் உள்ளவன். கரண்டோடு மாரடிப்பவனுக்கு அது நல்ல குணம் என்றுதான் அந்த நாள் வரை நினைத்திருந்தேன்.

வான் வைத்து ஹயர் ஓடும் என் பள்ளிக்கூடக் கூட்டாளி அன்று காலை நெஞ்சை இடிக்கிற பெரிய ஸ்பீக்கர்களான சப் வூபர்கள் புதிதாக இரண்டோடு வந்து நின்றான். அவனுக்கு முதற் பிள்ளை பிறந்து, முப்பத்தோராம் நாள் துடக்கும் கழிந்திருந்தது. தாயையும் பிள்ளையையும் அன்று சல்லி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போகிறானாம். கோயிலடியில் அம்மன் பாட்டு அதிர அதிரப் போய் இறங்க வேண்டுமாம்.

வானில் இருந்த அம்ப்ளிபயரைப் பார்த்ததும் எனக்கு யோசனையாகிவிட்டது. வூபர் ஒவ்வொன்றும் நான்கு ஓம்ஸ் தடை. அந்த எண் குறையக் குறைய அம்ப்ளிபயரிலிருந்து கூடக் கரண்டை இழுக்கும். இரண்டையும் பக்கத்துப் பக்கமாக இணைத்தால் நான்கு இரண்டாகிவிடும். அவனுடைய அம்ப்ளிபயர் நான்குக்குக் கீழே தாங்காது. ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் எட்டு. பயமில்லை, ஆனால் இடி குறையும்.

“எட்டில விடுறன் மச்சான். இரண்டில விட ஏலாது.”

“விசர்க் கதை கதையாத. நெஞ்சு அதிரோணும். இல்லாட்டி எனக்கேன் ரெண்டு?”

சும்மா ஒரு தரம் கேட்கட்டும், பிறகு மாற்றிவிடலாம் என்று இரண்டில் இணைத்தேன். பாட்டுச் சத்தத்தை ஏற்றியதும் பற்றரியடியில் இருந்த பியூஸ் போனது. இன்னொன்று போட்டேன்; அதுவும் போனது. பியூஸ் சாதுவாகச் சொன்னதைக் கேட்கிற புத்தி எனக்கு இருந்திருந்தால் அதோடு விட்டிருப்பேன். எங்கள் தொழிலில் எல்லோரும் கள்ளமாகச் செய்வதை நானும் செய்தேன். பியூஸ் இருந்த இடத்தில் ஒரு செப்புக் கம்பியைச் சுற்றினேன். சோதிக்க மட்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பாட்டு இடித்தது. கூட்டாளி துள்ளினான். அந்த நேரம் பார்த்து இன்னொரு கார் வந்து ஹோர்ன் அடிக்க, இவனும் பூசைக்கு நேரமாகிறது என்று அந்தரப்பட, நான் இவனுடைய பொனற்றை மூடினேன். மூடியதும் நான்தான், தட்டி அனுப்பியதும் நான்தான்.

அரை மணித்தியாலம் கழித்து மேசையைப் பார்த்தபோது புதுப் பியூஸ் உறை பிரிக்காமல் கிடந்தது. பற்றரியிலிருந்து போகும் வயர் கம்பளத்துக்குக் கீழே போகிறது. அம்ப்ளிபயர் பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. தாயும் பிள்ளையும் இருப்பது அந்தச் சீற்றில்தான். பியூஸ் இருந்தால் அது எரிந்து மற்றதைக் காப்பாற்றும். இல்லாவிட்டால் வயர்தான் எரியும்.

கூட்டாளிக்குப் போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் பூட்டிக் கொடுத்த சத்தத்தில் அவனுக்கு எப்படிக் கேட்கும்?

கடையைப் பூட்டாமலே மோட்டார் சைக்கிளை எடுத்தேன். உப்புவெளி தாண்டும்போது தூரத்தில் புகை தெரிந்தது. என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. அம்மாளாச்சி, அம்மாளாச்சி என்று வாய்விட்டுக் கத்தினேன். கிட்டப் போனால் யாரோ குப்பைக்கு நெருப்பு வைத்திருந்தார்கள். சாம்பல்தீவுப் பாலத்தை வேகம் குறைக்காமலே தாண்டினேன்.

வான் கோயிலடியில், மணலில், முழுசாக நின்றது. உள்ளே ஒருவரும் இல்லை. முன் சீற்றில் அவனுடைய போன் கிடந்தது. பூட்டாத கதவைத் திறந்ததும் உருகிய றப்பர் மணம். பின் சீற்றுக்குக் கீழே கம்பளத்தில் கை வைத்தேன், சுட்டது. ஓடிப்போய் பற்றரி வயரைக் கழற்றினேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

பூசை முடிந்து அவர்கள் வந்தார்கள். கூட்டாளியின் மனைவிக்கு என்னைக் கண்டு முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணை, பிள்ளையப் பாக்கவே இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?” என்று கேட்டபடி பிள்ளையை என் கையில் தந்தாள். “பாட்டுப் போட்டதும் வீரிட்டு அழத் துவங்கிட்டான். பாலத்தடியில நிப்பாட்டச் சொல்லிப்போட்டன். இவருக்கு என்னோட கோவம்.”

பிள்ளை ஓர் அம்ப்ளிபயரின் பாரம்கூட இல்லை. நெற்றியில் திருநீறு. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், நான் பிள்ளை பார்க்க வந்த நல்ல மனுசன். வயர் கழன்றதற்கு ஒரு பொய் சொல்வதும் எனக்குப் பெரிய வேலையில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“இல்லை தங்கச்சி. நான் பிழை விட்டுட்டன். பியூஸ் போடாமக் கம்பிய வச்சு அனுப்பினனான். நீங்கள் இருந்த சீற்றுக்குக் கீழ வயர் உருகியிருக்கு. பாட்டு இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தாப் பத்தியிருக்கும்.”

“ஒண்டும் நடக்கேல்லத்தானே, விடு மச்சான்,” என்றான் கூட்டாளி.

அவள் வானுக்குள் குனிந்து கம்பளத்தைத் தொட்டாள். கையை இழுத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்து, இரண்டு கையையும் நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். “ஒரு ஓட்டோ பிடியுங்கோ,” என்று கணவனிடம் சொன்னாள்.

கூட்டாளி இப்போதும் கடைக்கு வருவான், தேத்தண்ணீர் குடிப்பான். அந்த வானில் வூபர்கள் எட்டு ஓம்ஸில் மெதுவாகப் பாடுகின்றன. பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டானாம். அவர்கள் வீட்டுக்குப் போனாலும் நான் வாசல் படலையடியில் நின்று கதைத்துவிட்டு வந்துவிடுவேன். பிள்ளையைத் தூக்கத் தாருங்கள் என்று அவளிடம் கேட்க எனக்கு இன்னும் பயம்.