கொண்டுவந்த சாப்பாடு

பாலைவனத்தில் இராணுவச் சரக்கு விமானம் விழுந்து, அதில் இருந்த எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். எங்கள் மகன் அந்தப் பாலைவன முகாமில்தான் இருந்தான். கனேடிய இராணுவத்தில் விமானம் திருத்துகிற வேலை. சேராதே என்று எவ்வளவோ சண்டை பிடித்தேன். இராணுவத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த சனம் நாங்கள். அவனுக்கு அது ஏறவேயில்லை.

அவனுடைய ஃபோன் வேலை செய்யவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். "இஞ்சேரும், ஒரு இடத்தில இருமன்" என்றார் கணவர். அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

மத்தியானம் வாசல் மணி அடித்தது. சென்ட் லோரன்ட் தேவாலயத்தில் எங்களோடு பூசைக்கு வருகிற பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி கையில் இடியப்பம், மற்றவள் கையில் சொதி. எங்கள் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் சமைத்துக்கொண்டு வருவது செத்தவீட்டுக்குத்தான். அங்கேதான் அடுப்பு மூட்டமாட்டார்கள். எனக்கு முதல் இவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. டிவியில பாத்தம். நீங்கள் சமைச்சிருக்க மாட்டியள் எண்டு..." என்று இழுத்தாள் ஒருத்தி.

அந்தச் சொதிச் சட்டியைத் தூக்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. நேரே குசினிக்குப் போய் அடுப்பைப் போட்டு உலை வைத்தேன். என் வீடு செத்தவீடில்லை.

அரிசி கொதிக்கும்போது மகன் ஃபோன் எடுத்தான். "அம்மா, நான் இருக்கிறன்" என்றான். அழுதேன். அந்தப் பெண்களையும் கட்டிக்கொண்டு அழுதேன்.

பிறகு அவன் குரல் இறங்கியது. "என்னோட அறையில இருந்தவன் அந்தப் பிளேனில போனவன். அவன்ர வீட்டுக்கு இன்னும் அறிவிக்கேல்லை. ஆமிக்காரர் வந்து சொல்லுமட்டும் நீங்கள் ஒருத்தரோடயும் கதைக்கக் கூடாது."

அந்தப் பொடியனின் தாய் இதே நகரத்தில் கர்க்லாண்ட் பக்கம் இருக்கிறாள், பிரெஞ்சு பேசுகிற கியூபெக்காரி. பிள்ளைகளை வழியனுப்பிய அன்று நாங்கள் இரண்டு பேரும் கைபிடித்துக்கொண்டு நின்றவர்கள்.

ஃபோனை வைத்த கையோடு மறுபடி அடித்தது. அவள்தான்.

"உன் மகன் பேசினானா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பேசினான்" என்றேன்.

"அப்படியென்றால் அங்கே ஃபோன் சரிவந்துவிட்டது" என்றாள் சந்தோஷமாக. "என் மகனும் இப்போது எடுப்பான். நான் வைக்கிறேன், அவனுக்கு லைன் கிடைக்க வேண்டும்."