நீ யாரென்று கேட்ட திரை

உடையார்கட்டில் மோட்டார் எரிந்தால் கணபதியிடம்தான் வரவேண்டும். அவரைப்போல் கம்பி சுற்ற முல்லைத்தீவு மாவட்டத்திலேயே ஆள் கிடையாது. சந்தேகமென்றால் அவரையே கேட்கலாம். ஐந்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆங்கிலத்தை மோட்டார்ப் பெட்டிகளில் பார்த்துப் பார்த்தே பிடித்தார். அறுபத்திரண்டு வயதில் கணினியையும் அப்படித்தான் பிடித்தார்.

எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று என்று சொல்லும் இணையத்தளம் ஒன்றைப் பல நாட்டு ஆட்கள் கூடி எழுதிவந்தார்கள். யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம். அதில் ஒரு தண்ணீர் மோட்டாருக்கு நாற்பத்திரண்டு என்று இருக்கவேண்டியது இருபத்துநாலு என்று கிடந்தது. அதை நம்பிச் சுற்றினால் மோட்டார் புகையும். ஈரக் கிணற்றடியில் நிற்கிறவன் கதி என்ன?

அந்தத் தளத்துக்கு எழுதும் வவுனியாப் பிள்ளை சுரேகா போனில் வழி சொன்னாள். முழுத் தளத்தையும் தன் லப்டொப்பில் இறக்கி, அங்கேயே ஓடவைத்துத் திருத்திப் பார்க்கவேண்டும். இரண்டு நாள் சிவப்பு எழுத்துகளோடு மல்லுக்கட்டினார். அது இல்லை, இது பழசு என்று திரை திட்டிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலையில் தளம் திறந்தது.

“இதை வேற ஆக்கள் பாக்கேலுமோ பிள்ளை?”

“ஏலாது ஐயா. இப்ப உங்கட மெசினுக்குள்ள மட்டுந்தான்.”

இலக்கத்தை மாற்றினார். திருத்தத்தைப் பதியச் சொன்னாள் சுரேகா. கட்டளையை அடித்ததும் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது: தயவுசெய்து நீ யாரென்று சொல்.

கணபதி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். இரண்டாயிரத்தொன்பதில், சண்டை முடிந்து முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த சனத்தை வெட்டைவெளியில் இருத்தி ஆமிக்காரர் இதைத்தான் கேட்டார்கள். பேரைப் பதிந்துவிட்டுப் போகலாம் என்றார்கள். தம்பி விஜிதரன் எழும்பிப் போய்ப் பதிந்தான். பஸ்ஸில் ஏற்றினார்கள். இன்றுவரை வரவில்லை.

“பிறகு பேரை அழிக்கலாமோ?”

“அனுப்பினாப் பிறகு ஏலாது ஐயா. எல்லாற்ற மெசினிலயும் கொப்பி இருக்கும். விரும்பினா வேற பேர் போடுங்கோ.”

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி அமராவதிக்கு அது போதும். “கள்ளப்பேர் ஒண்டைப் போட்டு விடுங்கோ. நிம்மதியா இருப்பம்.”

“கள்ளப்பேர்காரன் சொன்ன சுற்றை ஆர் நம்புறது? கணபதி சொன்னாத்தான் அது நாப்பத்திரண்டு.”

“பெருமைக்குக் குறைவில்லை. கை ஏன் நடுங்குது?”

“குளிர்.”

“பங்குனி வெயிலிலயோ?”

கணபதி அப்பாவின் பேரையும் சேர்த்து ஒவ்வோர் எழுத்தாகத் தன் முழுப்பேரை அடித்தார். பதிந்தது. அனுப்பினார். உடனே லப்டொப்பை மூடினார். அமராவதி போய் வேலிப் படலையைக் கட்டினாள்.

அடுத்த மூன்று நாளும் றோட்டில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் கம்பியைப் பிடித்த கை அப்படியே நின்றது. அது தாண்டிப் போன பிறகுதான் அடுத்த சுற்றைச் சுற்றினார்.

நாலாம் நாள் மத்தியானம் வந்த மோட்டார்சைக்கிள் தாண்டிப் போகவில்லை. படலைக்கு வெளியே நின்றது. தலைக்கவசம் போட்டவன், முன்பின் கண்டிராதவன்.

“கணபதி எண்டது ஆர்?”

குசினி வாசலில் அகப்பையோடு நின்று அமராவதி தலையை ஆட்டினாள், இல்லையென்று சொல்லச் சொல்லி. கணபதி கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார். வந்தவன் கையில் என்ன இருக்கிறதென்று பார்க்கக்கூடக் கண் எழவில்லை.

“நான்தான்,” என்றார். “இளையதம்பி கணபதி.”