அட்டைச் சூளை

என் மருமகள் எதையும் அட்டை வெட்டி வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். டேப் பிடித்து அளந்திருப்பாள், சீட்டில் குறித்திருப்பாள். இருந்தாலும் அதே அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி, இடத்தில் பொருத்திப் பார்த்த பிறகுதான் கண்ணாடியில் கை வைப்பாள். ஜன்னல் கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருடமாக வெட்டுகிறவள், விடுமா பழக்கம்? என் மகனைக் கட்டிக்கொள்ளும்போது மட்டும் ஏன் வெட்டிப் பார்க்கவில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"பாத்திருந்தா உங்களுக்கு மருமக ஏது அத்தை?" என்றாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. "நான் வெட்டுன கண்ணாடி ஊரு முழுக்க இருக்கு அத்தை. ஒருத்தரும் அதைப் பாக்கறதில்ல. அது வழியா வேற எதையோ பாக்கறாங்க. அதையே நின்னு பாக்கற மாதிரி ஒண்ணு நான் செய்யணும்."

அதற்கு ஒரு கரண்ட் சூளை வேண்டுமாம். கடையில் மிஞ்சிய துண்டுகளை அடுக்கிச் சூளைக்குள் வைத்தால் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு அதை ஒரு அச்சின் மேல் வைத்து மறுபடி சூடேற்றினால், இளகிக் கிண்ணமாக வளைந்து உட்காரும். ஆனால் எல்லாம் ஒரே கண்ணாடிப் பலகையில் வெட்டிய துண்டாக இருக்க வேண்டும். வேறு வேறு பலகை என்றால் ஆறும்போது முறைத்துக்கொண்டு விரிசல் விட்டுவிடும் என்றாள்.

"அப்ப நீயும் நானும்?"

"நமக்கு இன்னும் ஆறவே இல்லையே அத்தை."

முதலாளியிடம் அடுத்த மாதத்திலிருந்து காலை மட்டும்தான் வருவேன் என்று சொல்லிவிட்டாள். சூளை விற்கிறவரிடம் மூன்று சூளைகளின் அளவை வாங்கி வந்தாள். அட்டைப் பெட்டிகளைக் கிழித்து, மூன்று சூளைகளையும் அட்டையிலேயே செய்து கூடத்தில் வைத்தாள். மூன்று வாரம் நாங்கள் அந்த அட்டைச் சூளைகளோடு குடித்தனம் நடத்தினோம்.

பஸ் ஓட்டுகிற என் மகன் வேலை முடிந்து வந்து ஒன்றின் மேல் சட்டையைப் போட்டான்.

"போச்சு! எண்ணூறு டிகிரி. சட்டை கருகிடுச்சு."

"அட்டைடி இது!"

"இன்னிக்கு அட்டை. நாளைக்கு?"

அவன் சட்டையை எடுத்து உதறியும் பார்த்தான். பயந்தாங்கொள்ளி.

குட்டிச் சூளை சாதாரண பிளக்கிலேயே ஓடும், ஆனால் ஒரு சாசருக்கு மேல் கொள்ளாது. இரண்டாவது மண்பாண்டச் சூளை, கிணறு மாதிரி ஆழம். மலிவாக வருகிறதே என்று என் மகன் அதற்குத்தான் ஒற்றைக்காலில் நின்றான்.

"அதுல கம்பியெல்லாம் பக்கத்துச் சுவர்ல இருக்கு. கண்ணாடி படுத்துக் கிடக்கற பொருள். சூடு மேலேர்ந்து சமமா இறங்கணும். இல்லைன்னா ஓரம் முந்திக்கும், நடு பின்தங்கும், பட்டுனு விரிசல் விட்டுடும்" என்றாள் அவள். அவன் விடவில்லை. அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று நான் அந்தக் கிணற்றின் மேல் உட்கார்ந்தேன். அது என்னோடு தரைக்குப் போய்விட்டது. கிணறு வேண்டாம் என்று முடிவானது என்னால்தான். அவள் வேறு மாதிரி சொல்லுவாள்.

மிஞ்சியது தட்டையான, அகலமான மூன்றாவது சூளை. மேல்மூடியிலேயே சூட்டுக் கம்பி ஓடும். அதை எங்கே வைப்பது? சரியான இடம் ஜன்னலோரம். அங்கே என் நாற்காலி இருக்கிறது. தெருவில் யார் எந்தப் பையோடு போகிறார்கள், யார் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அங்கிருந்துதான் தெரியும். "நான் நகர மாட்டேன்" என்றேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் அட்டையை எதிர் மூலைக்கு, சுவரோடு கட்டிய கல் அலமாரிக்கு அடியில் தள்ளினாள். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. அவள் முகம் மலர்ந்தது. எலெக்ட்ரீஷியன் வந்து சூளைக்கென்று தனி லைன் இழுத்தார்.

சூளை வந்தது. நாலு பேர் தூக்கி மூலையில் வைத்தார்கள். எல்லோரும் சுற்றி நிற்க, அவள் மூடியைத் தூக்கினாள். நாலு விரல் உயர்ந்தது. ணங்கென்று கல் அலமாரியில் இடித்து நின்றது.

அட்டைச் சூளையை ஆறு பக்கமும் டேப் போட்டு ஒட்டியிருந்தாள். அதற்கு மூடி திறக்கவே திறக்காது. பத்தொன்பது வருடமாக அவள் அட்டை வெட்டியது ஜன்னல் கண்ணாடிக்கு. ஜன்னல் கண்ணாடிக்கு ஏது மூடி?

சூளைக்காரர் தலையைச் சொறிந்தார். "பெட்டி பிரிச்சாச்சும்மா, திருப்பி எடுக்க முடியாது."

"கல்ல இடிச்சிடலாம்" என்றான் என் மகன்.

"வீடு யாருதுன்னு நெனப்பு? வாடகை வீடுங்க" என்றாள் அவள்.

அவள் அந்த நாலு விரல் இடுக்கில் கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள். ஒரு தட்டு கூட நுழையாது. வேறு இடமென்றால் ஜன்னலோரம்தான். என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கமும் பார்க்கவில்லை. அவள் வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை, அது எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

நான் எழுந்து நாற்காலியை இழுத்தேன்.

"என்ன அத்தை?"

"ஜன்னலோரம் ஒரே காத்து. காது குடையுது."

"இவ்ளோ வருஷம் குடையலையா?" என்றான் என் மகன். அவன் காலில் நாற்காலிக் கால் தற்செயலாக ஏறியது.

எலெக்ட்ரீஷியன் மறுபடி வந்து, முணுமுணுத்துக்கொண்டே லைனை ஜன்னல் பக்கம் நீட்டினார். துண்டுகளை ஒட்டவைக்க ஒருநாள், வளைக்க ஒருநாள். தானாக ஆறுகிறவரைக்கும் மூடியைத் தொடக்கூடாது என்றாள். நான் தொடவில்லை. பக்கத்தில் போய் நின்றேன், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலை திறந்தாள். ஓரமெல்லாம் பச்சை ஓடிய, தண்ணீர் உறைந்தது மாதிரி ஒரு கிண்ணம்.

"கோணலா இருக்கே" என்றேன்.

"அது வளையறதுக்குத்தானே அத்தை இந்தப் பாடு!"

அதை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, கடைக்கு நேரமானதையும் மறந்து அங்கேயே நின்றாள். என் புது இடத்திலிருந்து எனக்குச் சுவர்தான் தெரிந்தது.

"யாராவது நிக்கறாங்களா?"

"பேப்பர் போடறவர் நிக்கறார் அத்தை. சைக்கிள்ல இருந்து இறங்கிட்டார்."

"அது வழியா உள்ள பாக்கறாரா, அதையே பாக்கறாரா? சரியாப் பாத்துச் சொல்லு."

"அதையேதான்" என்றாள்.

"அப்ப என் நாற்காலிய அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளு. யார் யார் பாக்கறாங்கன்னு நான் பாக்க வேண்டாமா?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு டேப்பை எடுத்தாள். "இருங்க அத்தை, உங்க நாற்காலி அளவுக்கு ஒரு அட்டை வெட்டிட்டு வந்துடறேன்."