குறுக்கே போன கை

கப்பலில் அவளுக்குக் கைகாட்டி என்று பெயர். யார் வைத்தார்களோ, ஒட்டிக்கொண்டது. வேலையும் அதுதான். அந்தரத்தில் நின்று நேராகக் கீழே இறங்கும் போர் விமானங்களைக் கப்பலின் மேல்தளத்தில் கைகாட்டி இறக்கிவிட வேண்டும். விமானம் கப்பலுக்கு இடப்பக்கமாக வந்து, கப்பலின் வேகத்துக்கே கூட ஓடி, பிறகு பக்கவாட்டில் நகர்ந்து தளத்துக்கு மேலே நிற்கும். அதன் வயிற்றுக்கடியில் நெருப்புக் காற்று அடிக்கும். எதிரே மஞ்சள் சட்டையும் காதடைப்பானுமாக இவள் நிற்பாள். கைகளை விரித்துக் கீழே அழுத்தினால், இறங்கு. தலைக்கு மேல் குறுக்கே வைத்தால், இறங்காதே, போய்விடு.

குறுக்கே வைத்த கைக்கு மறுபேச்சு கிடையாது. ஏன் வைத்தாய் என்று பிறகு கேட்கலாம்; வைத்ததற்காக யாரையும் திட்டக் கூடாது. தளத்தில் வேலை பார்க்கிறவர்கள் தங்களுக்குள் காப்பாற்றி வந்த வழக்கம் இது.

அன்றைக்குப் பார்த்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். விமானப் பிரிவின் தலைவரே இறங்கிக் காட்டுவதாக ஏற்பாடு. மனிதர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. அவருக்கும் அதில் சந்தேகமே இல்லை என்பதுதான் மற்றவர்களுக்குத் தொல்லை. விமானம் தளத்துக்கு மேல் வந்து நின்ற நேரம், ஓரத்தில் எரிபொருள் குழாய்களுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஏதோ அசைந்தது. ஆள் தவழ்ந்து வருவது போல் இருந்தது. அவள் யோசிக்கவில்லை. கை குறுக்கே போய்விட்டது. விமானம் உறுமிக்கொண்டு எழுந்து போனது.

ஓடிப்போய்ப் பார்த்தால் ஈ காக்கை இல்லை. மடக்கி நிறுத்தியிருந்த பாரந்தூக்கியின் நிழல், கப்பல் ஆட ஆடியிருக்கிறது. தலைவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எரிபொருள் வற்றப்போகும் தறுவாயில் வேர்த்து விறுவிறுத்து இறங்கினார். விருந்தாளிகளில் யாரோ சிரித்தது அவர் காதில் விழுந்து தொலைத்தது.

தளத்து அதிகாரி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் முதுகெலும்பை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்.

"கை தவறிப்போச்சுன்னு தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அதோட முடிஞ்சுபோச்சு."

"கண்ணு தவறிப்போச்சு சார். அதை எத்தனை தடவை வேணும்னாலும் சொல்றேன். கை தவறல."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"எப்படி சார் ஒண்ணாகும்? ஆள் மாதிரி தெரிஞ்சா கை போயே ஆகணும். இன்னைக்கு நான் மன்னிப்பு கேட்டா, நாளைக்கு அங்க நிக்கிறவங்க கையைத் தூக்கலாமா வேண்டாமான்னு யோசிப்பாங்க. யோசிக்கிற நேரத்துல ஒருத்தன் வெந்துபோவான்."

"கேக்கலேன்னா உங்களைத் தளத்துல வச்சுக்க முடியாது. கீழ கிடங்குக்குத்தான் அனுப்பணும். வீட்டுக்குப் போய் நல்லா யோசிச்சுட்டு வாங்க."

கப்பல் கரைக்கு வந்ததும் வீட்டுக்குப் போனாள். பஸ் ஓட்டுகிற கணவன், சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

"ஒரு வார்த்தைதானே. சொல்லிட்டு வந்துடேன். வாய் தேஞ்சா போயிடும்?"

"குழந்தை குறுக்க வந்த மாதிரி தெரியுது, நீ பிரேக் போடுற. பார்த்தா யாருமில்ல. பஸ்ல இருக்கிறவங்க கிட்ட மன்னிப்பு கேப்பியா?"

அவன் தட்டைத் துடைத்து வைத்தான். "கேக்க மாட்டேன். ஆனா திட்டு வாங்குவேன்."

"திட்டு நானும் வாங்கிக்கிறேன். யாரு வேண்டாம்னா?"

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. மஞ்சள் சட்டை நெட்டையனுக்குப் போனது. இவளோடு கூட வேலை பார்த்தவன், பயந்த சுபாவம். சட்டையை வாங்கிய கையோடு கிடங்குக்கு இறங்கி வந்து நின்றான்.

"வீம்பு எதுக்குக்கா? எனக்கு இந்த இடம் வேண்டவே வேண்டாம்."

"வந்தது வந்துடுச்சு. சந்தேகம் வந்தா கையை வை, அவ்வளவுதான்."

"வச்சுட்டு? உங்களை மாதிரி இங்க வந்து கயித்தை எண்ணவா? எனக்குப் புள்ளகுட்டி இருக்குக்கா."

வேலை போனதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். இவன் முகத்தில் இருந்த பயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. இத்தனையும் செய்து, கடைசியில் இவன் கை தயங்கப்போகிறது என்றால், தான் பிடித்த பிடிவாதத்துக்கு அர்த்தமே இல்லை என்று நினைத்தாள்.

கப்பல் மறுபடி கடலுக்குப் போனது. அலை பெரிதாக இருந்த ஒரு நாள், தலைவர் இறங்கப்போகிறார் என்று ஒலிபெருக்கி சொன்னது. கிடங்கு தளத்துக்கு நேர் கீழே. இரைச்சல் பக்கவாட்டில் நகர்ந்து தலைக்கு மேல் வந்து நின்றது. அலமாரிகள் நடுங்கின. இனி அது தணிந்து அடங்க வேண்டும். அவள் கையில் கயிற்றுச் சுருளோடு மேலே பார்த்தபடி இருந்தாள்.

இரைச்சல் தணியவில்லை. ஒரேயடியாகப் பெருகி, எழும்பி, தூரமாகப் போனது.

கிடங்குக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "என்னாச்சு? மேல யாராவது மாட்டிக்கிட்டாங்களா?"

"தெரியல. யாரும் இல்லாமயும் இருக்கலாம்." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கையை வச்சுட்டான், அண்ணே. அந்த ஆளுக்கே வச்சுட்டான்."

"ஐயோ, அவனையும் மன்னிப்பு கேக்கச் சொல்வாங்களே."

"சொல்லட்டும்," என்றாள். "இனிமே கேக்க மாட்டேன்னு சொல்ல ரெண்டு பேர் இருக்கோம்."